அக்காவின் வெளுப்பு

என் அக்காவை மேடையில் நிறுத்தி ஊரை ஏமாற்றினீர்கள். கோவையில் கல்யாண மண்டபத்தில் ஞாயிறுதோறும் இயற்கை உணவு முகாம் நடத்துகிறவரே, உங்களைத்தான் சொல்கிறேன்.

அக்காவுக்கு ரொம்ப நாளாகவே ரத்தக்குறைவு. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார். அதோடு, கறிக்கடையில் சொல்லிவைத்து நான் சுவரொட்டி வாங்கிப்போவேன். ஆட்டு மண்ணீரல், ரத்தம் ஊறும் என்று எங்கள் பக்கம் கொடுப்பார்கள். மிளகு போட்டு வதக்கித் தின்பாள். கீரையும் தின்பாள். காய்கறியைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்துக் காய்மண்டிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள்.

உங்கள் முகாமுக்கு வந்தவளிடம், கறி விஷம், மாத்திரை அதைவிட விஷம் என்றீர்கள். இரண்டையும் நிறுத்தினாள். காலையில் வெண்பூசணி ஜூஸ், மதியம் பச்சைக் காய், ராத்திரி பழம். சில மாதத்தில் வெளுத்துப்போனாள். விசேஷ வீடுகளில் சொந்தக்காரப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏனுங்க்கா, என்னத்தத் தின்னுபோட்டு இப்படிக் கலராயிட்டீங்க?"

"ஒண்ணுந் திங்காமத்தான் அம்மணி!"

மாடிப்படியில் அவளுக்கு மூச்சு வாங்கியதை யாரும் பார்க்கவில்லை. நிறத்தைத்தான் பார்த்தார்கள். நீங்களும் அதைத்தான் பார்த்தீர்கள். "கறிய உட்டதும் மொகம் எப்படித் தெளிஞ்சிருக்குது பாருங்க!" என்று மைக்கில் சொன்னீர்கள். மண்டபமே கைதட்டியது. அவளை வண்டியில் கூட்டிவந்த நான் கடைசி வரிசையில் இருந்தேன்.

அடுத்த வாரமே பஸ் ஸ்டாண்டில் விழுந்தாள். டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சுண்ணாம்பாக இருந்தது. உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார். அந்த நிலையிலும் அக்கா கேட்டாள்: "ஏனுங்க டாக்டர், கறி திங்காதவங்க ரத்தமாப் பாத்து ஏத்துவீங்களா?"

நர்ஸ் சிரித்துவிட்டார்.

பிழைத்துக்கொண்டாள். "கறி வேண்டாம்னா விடுங்க, மாத்திரைய மட்டும் போடுங்க" என்று டாக்டர் சொன்னதற்கு, "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு வந்தாள். அட்டை பிரிக்காமல் கிடக்கிறது. திரும்பவும் அதே ஜூஸ்தான். கேட்டால், "உனக்குக் கறி ஆசை கண்ணு, அதான் அவரத் திட்டறே" என்கிறாள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருப்பாள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

அவள் கேட்பது உங்கள் பேச்சை மட்டும்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் உங்கள் மேடைக்கு வருகிறாள். அதே மைக்கைப் பிடித்து, கைதட்டிய அத்தனை பேர் முன்னாலும் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அது தெளிவா, சோகையா?