பூதக்கண்ணாடிக்கு வந்த பெர்ஃபங்க்டரி

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில், நான் அண்ணி என்று கூப்பிடும் என் நாத்தனாருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. துவைத்து வரும் ஒவ்வொரு விரிப்பையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, சரியில்லாததை ஒதுக்குவதுதான் வேலை. பதினாலு வருஷமாகத் தற்காலிகம். வீட்டிலும் அந்தக் கண் ஓயாது. நான் காயப்போட்ட துணியை எடுத்து மறுபடி அலசுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வருஷா வருஷம் மதிப்பீட்டுத் தாள் ஆங்கிலத்தில் வரும். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். இந்த வருஷம் நிரந்தர வேலைக்கான பட்டியலில் அவர் பெயர் இல்லை. காரணம் அந்தத் தாளில் இருக்கிறதாம். நகல் வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். மூன்று வருஷத் தாளிலும் ஒரே சொல்: பெர்ஃபங்க்டரி.

எனக்கும் தெரியாத சொல். அகராதியைப் புரட்டினேன். மனசில்லாமல், கடமைக்கு, மேலோட்டமாகச் செய்வது என்று போட்டிருந்தது. வாசித்துச் சொன்னதும் அவர் அழவில்லை.

"இதை எந்த மாதிரி இடத்துல சொல்லுவாங்க?" என்று கேட்டார்.

உதாரணங்களைப் படித்தேன். பேருக்குப் போட்ட வணக்கம். சரியாகப் பார்க்காமல் செய்த சோதனை. இரண்டாவதை மறுபடி படிக்கச் சொன்னார். சாப்பாட்டை மறந்து வேலை பார்க்கிற மனுஷியைப் பற்றி இப்படி எழுத எவனுக்குக் கை வந்தது?

மறுநாள் நானும் அதிகாரி அறைக்குப் போனேன். முந்தின வருஷம் இருந்ததையே பார்த்து எழுதுவதுதான் வழக்கம் என்றார், ஏதோ உபகாரம் செய்த மாதிரி. வேண்டுமானால் ஒருநாள் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, "உங்க ரூம் எந்த மாடியில இருக்கு?" என்றார்.

அண்ணி நிதானமாக, "மாடியில இல்ல சார், கீழ்த்தளம். இப்பவே வாங்க," என்றார். வேறு வழியில்லாமல் வந்தார்.

கீழே, துவைத்து வந்த குவியலிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து அவர் கையில் கொடுத்து, பார்த்துச் சொல்லச் சொன்னார் அண்ணி. அதிகாரி ஒரு தடவை திருப்பிப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

அண்ணி அதை வாங்கி ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு மடிப்பில் நின்று, உள்ளே சிக்கியிருந்த ஊசியை உருவி மேசைமேல் வைத்தார்.

"இப்ப நீங்க பார்த்தீங்களே, அதுதான் சார் பெர்ஃபங்க்டரி. என் தாள்ல அந்தச் சொல்லை அடிச்சுட்டுக் கொடுங்க."