கோயில் எண்ணெய்க் கறை

எங்கள் ஆய்வகத்தில் நோயாளிகளின் ரத்தத்தோடு, நோய் இல்லாத ஒருவரின் ரத்தத்தையும் சேர்த்துத்தான் சோதிப்போம். அந்த ஒருவர் எங்களுக்குள்ளேயே யாராவது. முறை வைத்துக் கையை நீட்டுவோம். நாங்கள் தேடுவது மெலனோமா, தோலுக்கு நிறம் தருகிற செல்லில் வரும் புற்றுநோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி மருந்து ஏற்றிக்கொள்பவர்களின் ரத்தத்தில், கட்டியிலிருந்து கழன்ற செல் இன்னும் சுற்றுகிறதா, மருந்து கேட்கிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. எந்த ரத்தம் யாருடையது என்று பார்க்கிறவருக்குத் தெரியக் கூடாது. குழாயில் வெறும் எண்தான் இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை ஒரு ஸ்லைடில் அந்தச் செல்கள் பளிச்சென்று தெரிந்தன. "ஐயோ பாவம், யாருக்கோ மருந்து கேட்கவே இல்ல" என்று உச்சுக்கொட்டினேன். எண்ணைச் சரிபார்த்த ஜூனியர் அப்படியே நின்றாள். பிரேசர் டவுன்காரி, வாய் ஓயாதவள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"அக்கா... இது உங்களோடது."

என்ன சொன்னேன், எப்படி ஆட்டோ ஏறினேன் என்று சத்தியமாக நினைவில்லை. அல்சூர் வந்து வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் கையில் டார்ச்சைத் திணித்தேன். "என் உடம்புல எங்கயாவது கறுப்பா மச்சம் இருக்கா, பாருங்க" என்றேன். மனுஷன் வெலவெலத்துப்போனார். தலைமுடியை வகிர்ந்து, நகங்களைப் புரட்டி, விரலிடுக்கெல்லாம் தேடினார். ஒன்றும் இல்லை. இல்லை என்றதும் பயம் இன்னும் கூடியது. உள்ளே எங்கேயாவது ஒளிந்திருந்தால்?

அப்போதுதான் போன். ஜூனியர் அழுதுகொண்டே பேசினாள். ஊசி தோலைக் குத்தி இறங்கும்போது தோலின் நிறச் செல்களும் கூடவே வரும். எங்கள் சாயத்தில் அவையும் அதே மாதிரி ஒளிரும். அதனால் முதல் குழாய் ரத்தத்தைக் கொட்டிவிட வேண்டும். என் நரம்பு சிக்காமல் திரும்பத் திரும்பக் குத்திய பதற்றத்தில், கொட்ட வேண்டிய குழாயைச் சோதனைக்கு வைத்துவிட்டு நல்லதை ஒதுக்கிவிட்டாளாம். நான் கிளம்பியதுமே அந்த நல்லதையும் போட்டுப் பார்த்திருக்கிறாள். சுத்தமாக இருக்கிறதாம்.

தமிழில் திட்டி, போதாமல் கன்னடத்திலும் திட்டினேன். போனை வைத்துவிட்டுச் சிரிப்பும் அழுகையுமாக சோபாவில் விழுந்தேன்.

அவருக்கும் உயிர் வந்தது. பக்கத்தில் சாய்ந்து காலிரண்டையும் என் மடியில் போட்டார். "டாக்டரம்மா, டார்ச்சு கையிலதான இருக்கு, நமக்கும் ஒரு செக்கப்!"

உள்ளங்கால் இரண்டும் அட்டைக் கறுப்பு. சனிக்கிழமை விளக்குப் போட்டுப் போட்டுக் கோயில் பிரகாரம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. வெறுங்காலோடு சுற்றி வருவார். கோயிலுக்குப் போய் வந்தால் உடனே கால் கழுவக் கூடாது என்பது அவர் வீட்டு வழக்கம். பெட்ஷீட் பாழாகிறது என்று வாராவாரம் கத்துவேன். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் ஈரத் துண்டை எடுத்து நானே துடைத்தேன். இடது கால் வெளுத்தது. வலது குதிகாலில் ஒரு திட்டு மட்டும் போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.

"விடுடி, அது பழைய கறை. ரொம்ப நாளா இருக்கு."

டார்ச்சை அடித்தேன். ஓரம் பிசிறு பிசிறாக, ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் பழுப்பு. நம் ஊர்க்காரர்களுக்கு மெலனோமா வந்தால் வெயிலே படாத உள்ளங்காலில் பாருங்கள் என்று மேடை மேடையாகச் சொல்கிறவள் நான். சொல்லும்போது திரையில் காட்டும் படம் என் மடியில் கிடந்தது.

"என்னடி, கூச்சமா இருக்கு, கைய எடு" என்று சிரித்தார். எனக்குக் கை வரவில்லை.

சதை எடுத்துச் சோதித்தார்கள், அதுவேதான். தொடையிடுக்கு நெறிக்கட்டி வரை போயிருந்தது. அறுவை சிகிச்சை, பிறகு அதே மருந்து. தப்பான குழாயை வைத்த அந்தப் பெண்ணை எந்த வாயால் திட்டினேனோ! இப்போதெல்லாம் சனிக்கிழமை வாசலிலேயே வெந்நீரோடு நிற்கிறேன். வழக்கம், வழக்கம் என்று முணுமுணுப்பார். "சாமி கேட்டா என்கிட்ட பேசச் சொல்லுங்க. காலை நீட்டுங்க" என்பேன்.

மருந்து ஆரம்பித்துச் சில மாதம் கழித்து அவர் ரத்தம் எங்கள் ஆய்வகத்துக்கே வந்தது. நான் பார்க்க மாட்டேன் என்றேன். "வெறும் எண்தானே அக்கா" என்றாள் ஜூனியர். அன்று தட்டில் இரண்டே குழாய். ஒன்று அவருடையது; இன்னொன்று, என் முறை என்பதால், என்னுடையது. முதல் குழாயை என் கண்ணெதிரே கொட்டிக் காட்டியிருந்தாள்.

ஒரு ஸ்லைடைப் பார்த்தேன். ஒன்றும் ஒளிரவில்லை. என்னுடையதாகத்தான் இருக்கும் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு அடுத்ததை வைத்தேன். மூலை மூலையாகத் தேடினேன். அதிலும் ஒன்றும் இல்லை. மறுபடி முதலாவதை வைத்தேன், மறுபடி இரண்டாவதை.

"எது யாரோடதுன்னு பார்க்கட்டுமா அக்கா?"

"எதுவா இருந்தா என்னடி" என்றேன். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.