கண்ணாடிக்குள் திறந்த கை

இரண்டு வருடங்களுக்கு முன் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் மெஷினில் சிக்கி என் இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

புண் ஆறி, சோழவரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் அது ஆரம்பித்தது. இல்லாத அந்தக் கை வலித்தது. சிக்கிய நேரத்தில் எப்படி மூடியிருந்ததோ, அப்படியே இறுக மூடிக்கொண்டு நகங்கள் உள்ளங்கையில் இறங்கின. துணியை விலக்கிப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. வலி மட்டும் காற்றில் இருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா, "அந்தக் கை எங்கியோ மூடிக்கினே கெடக்குது. தோண்டியெடுத்து வெரலப் பிரிச்சு வெச்சாதான் அடங்கும்" என்றார். என் கணவர் நம்பிவிட்டார். ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டார். எப்போதோ எரித்தாயிற்று என்றார்களாம். அவர் அதைச் சொன்ன நிமிடத்திலிருந்து, இல்லாத விரல் நுனிகள் எரியத் தொடங்கின.

நரம்பு வலி மாத்திரை எரிச்சலைக் கொஞ்சம் குறைத்தது. விரல்கள் மட்டும் பிரியவில்லை. பொறுக்க முடியாமல் திருவள்ளூரில் ஒரு டாக்டரிடம் போய், "முழங்கையோட எடுத்துடுங்க சார்" என்று அழுதேன்.

"எடுத்தாலும் வலி போவாதும்மா. கை போனது உன் மூளைக்கு இன்னும் தெரியல" என்றவர், பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்.

அங்கிருந்த பெண் என் வலது கை வளையலைக் கழற்றச் சொன்னார். மேசையில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, மொண்ணைக் கையை அதன் பின்னால் மறைத்தார். முன்னால் வலது கை, விரல்களை மூடியபடி. கண்ணாடிக்குள் பார்த்ததும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். என் இடது கை அங்கே இருந்தது. ஆனால் கட்டைவிரல் அடியில் ஒரு மச்சம். அது என் வலது கை மச்சம்; இடது கையில் மச்சமே கிடையாது. யாரோ ஒருத்தியின் கை என்னிடம் வந்து ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

"பயப்படாதக்கா. கண்ண எடுக்காம ரெண்டு கையையும் மெதுவா தொற."

திறந்தேன். கண்ணாடிக்குள் அதுவும் திறந்தது. மாதக்கணக்கில் நகம் குத்திக்கொண்டிருந்த இடத்தில் காற்று பட்டது.

பின்னால் நின்ற என் கணவர், "இன்னா ஆச்சு?" என்றார்.

"தொறந்துக்கிச்சு."

அவர் கண்ணாடிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

இது எல்லோருக்கும் பலிக்காது, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வலி முழுதாகப் போகவும் இல்லை. தினமும் கண்ணாடி முன் உட்காருகிறேன். சில நாள் அந்தக் கை திறக்கத் தாமதிக்கும், காத்திருப்பேன். யாராவது வலிக்கிறது என்று சொன்னால், எங்கே காட்டு என்று இப்போதெல்லாம் நான் கேட்பதில்லை.