குலதெய்வத்தின் பெயரில் ஒரு கடவுச்சொல்

சூலூர் வீட்டிலுள்ள என் கணினியை, பெங்களூரில் மகன் வீட்டிலிருந்தே இணையம் வழியாகத் திறக்கும் வசதியைச் செய்திருந்தேன். உறவினர்கள் வரன் பார்க்க என்னிடம் நம்பிக் கொடுத்த பெண்பிள்ளைகளின் சாதகங்களும் புகைப்படங்களும் அதில் இருந்தன. அவை வெளியே போனால், இத்தனை காலம் நான் காத்த பெயர் ஒரே நாளில் கெட்டுவிடும்.

ஒருநாள் அந்தக் கணினியைத் திறக்க நான் எழுத்துகளைத் தட்டுவதை மருமகள் பார்த்துவிட்டாள்.

“ஏனுங் மாமா, பாஸ்வேர்டு நம்ம குலதெய்வத்தோட பேருங்களா?”

“உனக்கு ஆரு அம்மணி சொன்னது?”

“ஆரு சொல்லோணுங்க? கல்யாண ஊட்டுல எலை போடறதுக்குள்ளயே ‘உங்களுக்கு எந்தக் கோயிலுங்க’ன்னு கேக்கறாங்க. நீங்களும் ஊர்ப் பேரோட சொல்லிப்போடறீங்க. பாதிச் சனத்துக்கு உங்க பாஸ்வேர்டு தெரியுமுங்க!”

அவள் காப்பி கலக்க உள்ளே சென்றதும் கடவுச்சொல்லை மாற்றினேன். கைப்பேசிக்கு வரும் எண்ணையும் இட்டால்தான் திறக்கும்படி செய்தேன். பழைய நுழைவுப் பதிவுகளைத் தேடிப் பார்த்ததில், என்னைத் தவிர எவரும் நுழைந்திருக்கவில்லை.

அடுத்த முகூர்த்தத்தில் பக்கத்து இலைக்காரர் எந்தக் கோயில் என்று கேட்டார். ஊர்ப் பெயரோடு சொன்னேன்.