பார்க்காத ஆற்றைப் பற்றி எழுதியவன்

இரண்டு பேரை ஆற்றில் சாகாமல் காப்பாற்றியவனைக் கோழை என்று சொல்லி வேலையைவிட்டுத் துரத்த வைத்தவன் நான். என் பொய்யை மறைக்கத்தான் அப்படிச் சொன்னேன்.

தொண்ணூறுகளின் நடுவில் வெள்ளைக்காரர்கள் மறுபடி ரங்கூனுக்கு வரத் தொடங்கியபோது, துறைமுகத்தை ஒட்டிய போட்டாதாங் பேட்டையில் ஒரு சுற்றுலாக் கம்பெனி முளைத்தது. மிஷன் பள்ளி ஆங்கிலம் இருந்ததால் எழுத்து வேலைக்கு என்னை எடுத்தார்கள். பர்மிய வழக்கப்படி 'சயா', அதாவது வாத்தியார், என்று கூப்பிட்டார்கள். முதல் வேலை, ஐராவதியின் வடக்குப் பகுதியைப் பற்றி ஒரு விளம்பரப் புத்தகம். நான் ஊர் எல்லையிலுள்ள மிங்கலாடோன் விமான நிலையத்தைத் தாண்டி வடக்கே போனதில்லை. அங்கே போனதுகூட விமானத்தில் வந்த மைத்துனரை அழைத்துவரத்தான்.

அதை நான் ஒரு குறையாக நினைக்கவில்லை. எந்தக் காலத்திலோ ஒரு துரை எழுதிய பயண நூல் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. இரண்டு மலையாறுகள் காட்டுக்குள் இறங்கி, மிச்சினாவுக்கு மேலே கூடி ஐராவதியாவதை அப்படியே பெயர்த்து எழுதினேன். அதற்குக் கீழே கண்ணாடித் தண்ணீர், மணல்திட்டு, மூங்கில் தெப்பம், நீச்சல், தூண்டில். 'தாலாட்டும் நீரோட்டம்' மட்டும் சொந்தச் சரக்கு. துரை போனது மழையில்லாத தை மாதத்தில். அந்த ஒரு விவரம் வாக்கியத்தின் அழகைக் கெடுத்ததால் விட்டுவிட்டேன்.

ஆடி மாதத்தில் ஒரு வயதான தம்பதி தெப்பத்துக்குப் பணம் கட்டி வந்தார்கள். எங்கள் வழிகாட்டி, ரங்கூனிலேயே தாமுவே பேட்டையைச் சேர்ந்த தமிழ் முஸ்லிம், அவர்களை அழைத்துப் போனான். அவனுக்கும் வடக்கு புதிது. ஆனால் கண் இருந்தது. செம்மண் நிறத்தில் ஆறு முழு மரங்களை உருட்டிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, தெப்பத்தில் ஏற்ற மாட்டேன் என்று திருப்பிக் கூட்டிவந்துவிட்டான். அவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.

முதலாளி விசாரித்தார். ஆறு நல்ல ஆறுதான், இவன் பயந்துவிட்டான் என்றேன். அவன் அங்கேயே நின்றிருந்தான்.

"சயா, நீங்க அங்க போயிருக்கீகளா?"

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். படித்தவர்கள் பதில் சொல்லும் விதம் அது. அன்றே அவனுக்கு வேலை போயிற்று.

அடுத்த மழைக்காலத்தில், இரண்டாம் பதிப்புக்காக என்னையே வடக்கே அனுப்பினார்கள். கரையில் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்தபடி என் நீரோட்டத்தைப் பார்த்தேன்.

திரும்பி வந்து முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்தார். விற்பது ஆங்கிலம்தான், ஆறு இல்லை என்றார். அவனைத் திரும்பச் சேர்க்க முடியாது என்றும் சொன்னார். நான் வேலையை விட்டேன். எனக்குப் பதிலாக வந்தவரும் வடக்கே போகாதவர்தான்.

அந்த வழிகாட்டி போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். ராஜினாமா செய்ததைச் சற்றுப் பெருமையாகவே சொன்னேன்.

"எங்க வூட்டு அடுப்ப அணைச்சது பத்தாதுன்னு ஒங்க அடுப்பையும் அணைச்சிட்டீகளாக்கும். அதுல எனக்கு என்ன வந்துச்சு?" என்றான். பிறகு மூட்டையை இறக்கி வைத்தான். "எம் மாமனாரு இன்னும் என்னயத் தொடநடுங்கின்னுதான் கூப்புடுறாரு. அவர்ட்ட சொல்லுங்க, போங்க."

அன்றைக்கே தாமுவேக்குப் போனேன். மாமனார் அங்கே கைலிக் கடை வைத்திருந்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் டீ வரவழைத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"பெரிய மனசு சயா ஒங்களுக்கு," என்றார். "எம் மருமவன் மானத்தக் காப்பாத்த, இம்புட்டுப் படிச்சவுக கடையேறி வந்து பொய் சொல்றீகளே."