துவைத்த பின் அளவு

தலைக்கு அடிக்கும் டையை மகள் கலக்கியதும் அமோனியா நெடி ஏறியது. அது என் அப்பாவின் சட்டை வாசனை. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்கூடத்தில் அவர் டிராயிங் போடுபவர். டிராயிங்கை அமோனியா ஆவி காட்டிப் பிரதி எடுக்கும் அறையில் எப்போதும் இந்த நெடிதான்.

ஒருமுறை ஃபியூஸ் கட்டை டிராயிங்கில் 'சுட்ட பின் அளவு' என்று எழுத மறந்துவிட்டார். பச்சை மண்ணையே அந்த அளவுக்கு அச்சில் வார்த்துவிட்டார்கள். சூளையில் சுருங்கி வந்த கட்டைகள் எதிலும் செப்புத் தகடு நுழையவில்லை. வேலை போய்விடுமோ என்று வீட்டில் எல்லோரும் பயந்தோம். நல்லவேளை, போகவில்லை.

அதன் பிறகு என் பள்ளிக்கூடப் பாவாடைக்கும் டிராயிங் போட்டார். நீளம், இடுப்பு, மடிப்பு எல்லாம் குறித்து, மூலையில் 'துவைத்த பின் அளவு' என்று எழுதியிருந்தார்.

டெய்லர் பாய் சிரித்தார். "இவ்ளோ நீளமா வுட்டா பாப்பா தடுக்கி வுழுந்துடும் சார்."

"மண்ணு சூளையில சுருங்குது, துணி தண்ணியில சுருங்குது. நீங்க தைங்க பாய்."

முதல் நாள் பாவாடை தெருவைக் கூட்டியது. அழுதுகொண்டே போனேன். துவைத்துக் கட்டியபோது கணுக்காலில் கச்சிதமாக நின்றது.

"ரொம்பக் கருப்பா இருக்குதேம்மா" என்றாள் மகள், கண்ணாடியை நீட்டி.

"அலசின பிறகு சொல்லு" என்றேன்.