லிங்கம் அண்ணாச்சி படகில் குடியிருந்த குளிர்காலம்

ஐந்தருவிச் சாலையில் ஒரு கடையில் மங்குஸ்தான் பழங்களை அமுக்கிப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. லிங்கம் அண்ணாச்சியின் எதிர்வீட்டுக்காரர் பேசினார். "அண்ணாச்சி காலைல போயிட்டாவம்மா. நாற்காலில உக்காந்து பேப்பர் படிச்சிக்கிட்டே இருந்திருக்காவ. டாக்டர் வந்து பாத்துட்டு முடிஞ்சிட்டுன்னு சொல்லிட்டாரு" என்றார். சாரல் விழுந்துகொண்டிருந்தது. கடைக்காரர் எத்தனை கிலோ என்று இரண்டு முறை கேட்டார். பழங்களைக் கூடையிலேயே போட்டுவிட்டு நடந்துவிட்டேன். தென்காசி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: உலகம்மைக்கு யார் சொல்வது?

உலகம்மை அவருடைய ஒரே மகள். இங்கிலாந்தின் தெற்குக் கரையில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். கடைசியில் நான்தான் சொன்னேன். அவள் வந்து சேர மறுநாள் மாலை ஆயிற்று. அதுவரை காத்திருந்துதான் காரியம் செய்தோம்.

நில அளவைப் பிரிவில் அவரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் அன்று வந்திருந்தீர்கள். குற்றாலிங்கம் என்ற முழுப்பெயரை நாம் வருகைப் பதிவேட்டில் பார்த்ததோடு சரி. அவர் சர்வேயர், நான் வரைவாளர். இருபத்திரண்டு வருடங்கள் அவர் வயலில் சங்கிலி பிடித்து எழுதிக்கொண்டு வந்த அளவுகளை நான் மேஜையில் உட்கார்ந்து படமாக்கினேன். அவருடைய அளவு தப்பாது. ஆனால் வேலை சொன்ன நாளில் முடியாது. ஒருமுறை சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு புஞ்சையை அளக்கப் போனவர், சூரியகாந்தி சூரியனைப் பார்த்துத் திரும்புவது நிஜம்தானா என்று சந்தேகம் வந்து, காலையிலிருந்து மாலைவரை வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் தாசில்தாரிடம் திட்டு வாங்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்து சொன்னார்: "மொட்டுதான் திரும்புது கோமதி. முத்தின பூவு கிழக்கயே பாத்துக்கிட்டு நிக்கி. கேட்டுட்டுப் போனா போதாது. நின்னு பாக்கணும்."

இப்படிப்பட்டவர் மகளிடம் மட்டும் எதையும் கேட்கவில்லை. கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னபோது காரணம் கேட்காமல் பேச்சையே நிறுத்தினார். பல வருடங்கள் அவர் மனைவிதான் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரியாக இருந்தார். அந்த அம்மாள் இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் வீடியோவில் கூப்பிடுவாள். அங்கே மழையா, இங்கே வெயிலா என்பதைத் தாண்டி அந்தப் பேச்சு நகராது.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"கோமதி, ஒரு அறையில பேன் கெடையாது, ஜன்னல் சாத்தியிருக்கு. மேல தொங்குத விளக்கு மட்டும் ஆடுமா?"

"நில நடுக்கமா இருக்கும் அண்ணாச்சி."

"மூணு வாரமாவா?"

உலகம்மையின் தலைக்குப் பின்னால் தொங்கிய விளக்கைத்தான் சொன்னார். அடுத்த ஞாயிறு அவளிடமே கேட்டுவிட்டார். அவள் திரும்பி அந்த விளக்கைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "யப்பா, நான் படகுல இருக்கேன். ரெண்டு வருஷமாச்சு."

சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டேன் என்று அவள் எப்போதோ அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அதை வீடு என்று புரிந்துகொண்டு இலத்தூரிலிருந்து செங்கோட்டைவரை எல்லாச் சொந்தக்காரர்களிடமும் சொல்லி வைத்தவர் இவர்தான். அவள் வாங்கியது பாய்மரப் படகு. ஒரு ஆறு கடலில் சேரும் இடத்தில், நூறு படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் துறையில் அதை நிறுத்தி, அதிலேயே குடியிருந்தாள். அதை வெளியே சொல்ல அவருக்கு வெட்கம். என்னிடம்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "பொட்டப்பிள்ள தண்ணில கெடக்கா கோமதி. போயிக் கரையேத்திட்டு வாரேன்." வடகரை வயலை விற்றாவது அவளுக்கு அங்கே ஒரு வீடு வாங்கிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து, பட்டா நகலோடும் பருப்புப் பொடியோடும் நவம்பர் மாதம் விமானம் ஏறினார். மூன்று வாரத்தில் திரும்புவதாகத் திட்டம்.

அங்கே நடந்ததை அவர் எனக்குப் பின்னால் சொன்னார். முதல் நாளே நான்கு முறை தலையில் இடித்துக்கொண்டாராம். மூன்றாம் நாள் காலையில் பட்டா நகலை எடுத்து மேஜையில் வைத்திருக்கிறார்.

"ஏட்டி, இது என்ன வீடுட்டி? மனுசன் நிமிந்து நிக்க முடியல. எல்லாத்தையும் எடுத்து வை. கரையில வீடு பாப்போம்."

"எனக்கு இது போதும்ப்பா."

"நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்லுதது?"

அப்போதுதான் உலகம்மை அழுதிருக்கிறாள். "பூ ஏன் திரும்புதுன்னு நாள் பூரா வரப்புல உக்காந்து பாத்தீங்களேப்பா. எங்கிட்ட ஒரு நாளாவது ஏன்னு கேட்டீங்களா?"

இவர் கோபமாகப் படியேறி வெளியே வந்தார். படகுகளுக்கு நடுவே மிதக்கும் பலகைப் பாதையில் இரவு பனி உறைந்து கண்ணாடி மாதிரி கிடந்திருக்கிறது. நம் ஊர்ச் செருப்போடு இரண்டாவது எட்டு வைத்தார். விழுந்தார். பக்கத்துப் படகில் இருந்த ஜோன் என்ற அம்மாள்தான் முதலில் ஓடி வந்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபது. அவரும் இன்னும் இரண்டு படகுக்காரர்களும் அண்ணாச்சியைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கணுக்காலில் எலும்பு விரிசல். மாவுக்கட்டுப் போட்டு, இப்போதைக்குப் பயணம் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மகளைக் கரையேற்றப் போனவர் முழுக் குளிர்காலத்துக்கும் படகுக்குள்ளேயே அகப்பட்டுக்கொண்டார்.

உலகம்மை வேலைக்குக் கிளம்பியதும், நமக்கு மத்தியானம் ஒன்றரை மணிக்கு, எனக்குப் போன் வரும். முதல் வாரம் முழுக்கப் புலம்பல். பிறகு நான்தான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். படகில் குடியிருப்பவரை எனக்கு வேறு யாரைத் தெரியும்? கரண்டு எப்படி வருகிறது? கரையிலிருந்து ஒரு நீளமான வயர். தண்ணீர்? பலகைப் பாதையில் குழாய் இருக்கிறது, ஆனால் அது உறைந்து போயிற்று.

"கக்கூஸ், குளி எல்லாம் எங்கன அண்ணாச்சி?"

"கரையில. அதுலதான் விசயமே இருக்கு, கேளு."

குரல் மாறிவிட்டது. நம் ஆபீஸில் கேட்ட பழைய குரல். அந்தப் பலகைப் பாதை மிதப்பது. கடல் ஏறும்போது அதுவும் ஏறும், வற்றும்போது இறங்கும். அதைக் கரையோடு சேர்க்கும் பாலம், கடல் ஏறியிருக்கும்போது தரை மாதிரி கிடக்கும். வற்றிவிட்டால் திருமலைக்கோவில் படி மாதிரி செங்குத்தாகிவிடும். ஊன்றுகோலோடு அதில் ஏற முடியாது. ஆகவே கடல் ஏறும் நேரம் பார்த்துத்தான் அவர் குளிக்கப் போகவேண்டும். "நேத்து ஒம்பதே காலுக்குக் குளிச்சேன். இன்னைக்குப் பத்து மணி. நாளைக்குப் பத்தே முக்காலு. நெலா பிந்துத மாதிரி என் குளியும் பிந்துது கோமதி" என்றார். நோட்டுப் போட்டுத் தினமும் எழுதினார்.

இன்னொரு நாள், படகுக்குள் மழை பெய்கிறது என்றார். எனக்குப் புரியவில்லை. வெளியே குளிர், உள்ளே ஹீட்டர். இரண்டு பேர் விடும் மூச்சு குளிர்ந்த சுவரில் பட்டு, வேர்த்து வடியும். உலகம்மை காலையில் துணியால் துடைத்துவிட்டுப் போவாள். இவர் அந்தத் துணியைப் பிழிந்து டம்ளரில் ஊற்றிப் பார்த்திருக்கிறார். "ரெண்டு பேரு ஒரு ராத்திரி விட்ட மூச்சு, முக்கால் டம்ளரு" என்றார். ஜோன் அம்மாள் தினமும் காலையில் எழுந்து, இவர் நடக்கும் இடம்வரை பலகையில் உப்புத் தூவிவிட்டுப் போவார் என்பதையும், உள்ளே வரவேண்டுமென்றால் தட்டுவதற்குக் கதவு கிடையாது, படகின் விலாவைத்தான் தட்டுவார் என்பதையும் ஆச்சரியத்தோடு சொன்னார். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. இவருடைய இங்கிலீஷ் நம் ஆபீஸ் இங்கிலீஷ். எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று கேட்டேன். "அவ பஸ்ஸு ஓட்டுன ரூட்ட வரைஞ்சு காமிச்சா. நான் தென்காசி வட்டத்த வரைஞ்சு காமிச்சேன்" என்றார்.

டிசம்பர் கடைசியில் அளவுகள் வரத் தொடங்கின. ஒரு நாள் போனில், "பேப்பர் பென்சில் எடுத்துக்கோ" என்றார். டேப் வைத்துப் படகை அளந்திருக்கிறார். நடுவில் ஒரு நேர்கோடு. அதிலிருந்து இரண்டடிக்கு ஒருமுறை பக்கவாட்டில் எவ்வளவு தூரம் என்று வாசித்துக்கொண்டே போனார். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் கழித்து வரைபலகையைத் துடைத்து எடுத்தேன். நீளம் முப்பத்தோரு அடி, நடுவில் பத்தடி அகலம். முன்பக்கம் அவர் படுக்கிற முக்கோண இடம். வரைந்து முடித்தால் இடது பக்கக் கோடு போய்ச் சேரவில்லை. அரை அடி இடைவெளி.

"அண்ணாச்சி, உங்க அளவு தப்பு."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் அதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. பிறகு, "ஒத்த ஆளா டேப் பிடிச்சா அப்படித்தான் வரும். சங்கிலிக்கு ரெண்டு ஆளு வேணும்லா. இரு, உலகு வரட்டும்" என்றார்.

அடுத்த நாள் அவளுக்கு லீவு. மகள் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள், இவர் மறு நுனியை. மெத்தையை விலக்கி, அலமாரியைத் திறந்து, மூலை மூலையாக அளந்திருக்கிறார்கள். மறுநாள் எனக்குப் புது அளவு வந்தது. கோடு சரியாகப் போய்ச் சேர்ந்தது. போனை வைப்பதற்கு முன்னால் அவராகவே சொன்னார்.

"அளக்கும்போது கேட்டேன் கோமதி. ஏன்னு."

"என்ன சொன்னா?"

"சொன்னா. ரொம்ப நேரம் சொன்னா."

"என்ன அண்ணாச்சி சொன்னா?"

"அது அவ எங்கிட்ட சொன்னது. ஒனக்கு எதுக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. ஒவ்வொரு நாளும் குளியல் நேரம்வரை எனக்குச் சொன்ன மனிதர் அதை மட்டும் சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை. நானும் கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் மாதம் திரும்பி வந்தார். லேசாகச் சாய்ந்து நடந்தார். பட்டா நகல் போன மாதிரியே திரும்பி வந்தது. வைகாசியில் இலத்தூரில் ஒரு கல்யாண வீட்டில் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவருடைய சித்தப்பா மகன் எதிர்ப் பந்தியிலிருந்து சத்தமாகக் கேட்டார்: "என்ன லிங்கம், மக வீட்டுக்குப் போயிட்டு வந்தியாமே? எத்தன பெட்ரூமு?"

நான் குனிந்து அப்பளத்தை நொறுக்கினேன். அண்ணாச்சி ரசத்தை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தார்.

"வீடு இல்லடே. படகு. மெரினால கட்டிக் கெடக்கு. நாலு மாசம் அதுலதான் இருந்தேன்."

"மெரினாவா? மெட்ராஸ் பீச்சுலயா?"

பந்தியே சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார். அந்த ஊரில் படகு கட்டும் துறைக்கு அதுதான் பேர் என்று விளக்கினார். பிறகு இலையில் சாப்பாடு ஆறிப்போகும்வரை, கடல் எப்படி ஏறும், பாலம் எப்படிச் சாயும், மூச்சு எப்படித் தண்ணீராகும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "எல்லைக்கல்லு அசையக் கூடாதுன்னு சர்வீஸ் பூராச் சொன்னேன். அங்கன கயித்தக் கொஞ்சம் தளத்திக் கட்டலேன்னா காத்து அத்துப் போட்டுரும். மக சொல்லித் தந்தா" என்றார். கை கழுவப் போகும்போது அந்தச் சித்தப்பா மகன் அவர் பின்னாலேயே போய், படகு கவிழாதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

காரியம் முடிந்து உலகம்மை பதினாறு நாள் இருந்தாள். நான் வரைந்து, அண்ணாச்சி வாங்கி அவளுக்கு அனுப்பிய படத்தைச் சட்டம் போட்டுப் படுக்கைக்கு மேலே மாட்டியிருப்பதாகச் சொன்னாள். கீழே அளந்தவர் என்ற இடத்தில் அண்ணாச்சி, அவர் பெயரோடு அவள் பெயரையும் எழுதியிருக்கிறாராம். அதை நான் அறிந்திருக்கவில்லை. அவள் கிளம்பும் அன்று, அப்பாவிடம் என்ன சொன்னாய் என்று கேட்க வாய்வரை வந்தது. விட்டுவிட்டேன்.

என்னிடம் அவருடையதாக இருப்பது ஒன்றுதான். ஜனவரியில் காற்று பலமாக அடித்த ஒரு மத்தியானம் அவர் என் போனுக்கு அனுப்பிய சத்தம், நாற்பது விநாடி. முதலில் ஊளை, நம் ஆரியங்காவுக் கணவாய்க் காற்றைப் போல. அதற்குள் நூறு பாய்மரங்களில் கயிறுகள் மோதுவது, பாத்திரக் கடையில் யாரோ எல்லாவற்றையும் உருட்டிவிட்ட மாதிரி. நடுவில் உலகம்மையின் குரல் கேட்கிறது: "யப்பா, நனையாதீங்க. தோச ஆறுது, உள்ள வாங்க." அண்ணாச்சி சொல்கிறார்: "இரு தாயி. இது எப்படி இருக்கும்னு கோமதி கேப்பா. அனுப்பிட்டு வாரேன்."

உங்களில் யாருக்குக் கேட்க வேண்டுமென்றாலும் வீட்டுக்கு வாருங்கள். போட்டுக் காட்டுகிறேன்.